மலிவு காந்த சென்சார்கள்: 49ஈ, ஏஎஸ்5600, ஜிஒய்-271 – எதை வாங்கலாம், எங்கே இடறும்

சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைன் கடையிலோ "மேக்னடிக் சென்சார்" என்று கேட்டால் பெரும்பாலும் நான்கில் ஒன்றைத்தான் எடுத்துத் தருவார்கள். மூன்று கால் வைத்த 49ஈ லீனியர் (புலத்துக்கேற்ப வெளியீடு ஏறி இறங்கும்) ஹால் சென்சார், பார்க்க அதேபோல இருக்கும் 3144 ஸ்விட்ச், சுழலும் தண்டின் கோணத்தை அளக்கும் ஏஎஸ்5600 போர்டு, திசைகாட்டிக்கான ஜிஒய்-271 போர்டு. நான்கும் காந்தப்புலத்தைத்தான் உணர்கின்றன. முதல் மூன்றில் அந்த வேலையைச் செய்வது சிலிக்கான். கடைசியில் இருப்பது நிக்கலும் இரும்பும் கலந்த பெர்மல்லாய்ப் படலம். எவ்வளவு சின்னப் புலம் தெரியும், சூட்டில் அளவு எப்படி நகரும், பக்கத்தில் ஒரு வலுவான காந்தம் வந்து போனால் என்ன கெடும் என்பதையெல்லாம் இந்தப் பொருள்தான் முடிவு செய்கிறது. போர்டின் பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, புரோகிராம் கோடில் தப்பைத் தேடி நாள்கணக்கில் உட்காரும் மாணவர்கள் நிறைய. அவர்களுக்காகத்தான் இந்த மதிப்பீடு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஏஎஸ்5600 கொடுக்கும் காசுக்கு மிக நல்ல சரக்கு. 49ஈ வாங்கலாம், ஆனால் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக அளவீடு செய்துதான் பயன்படுத்த வேண்டும். ஜிஒய்-271ஐயும் வாங்கலாம், பாக்கெட்டில் போட்டிருக்கும் சிப்தான் உள்ளே இருக்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

சோதிக்க ஒரு தெரிந்த புலம்

கையில் கிடைத்த காந்தத்தை அருகே கொண்டுபோய் "எண் மாறுகிறது, வேலை செய்கிறது" என்று பார்ப்பது சோதனை ஆகாது. எவ்வளவு புலம் கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள் போதும், வீட்டிலேயே செய்யலாம். 200 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் இரண்டு வளையம் வெட்டி, ஒவ்வொன்றிலும் 100 சுற்று எனாமல் கம்பி (24 கேஜ், ஏறக்குறைய 0.56 மி.மீ.) சுற்றுங்கள். இரண்டு சுருளையும் நடுவுக்கு நடு 10 செ.மீ. இடைவெளியில், அதாவது ஆரத்தின் அளவுக்கே, ஒரே அச்சில் நிறுத்தித் தொடராக இணையுங்கள். மின்னோட்டம் இரண்டிலும் ஒரே திசையில் சுற்ற வேண்டும். ஒன்று தலைகீழாகிவிட்டால் நடுவில் புலம் சுழியமாகிவிடும்; "சென்சார் செத்துவிட்டது" என்ற தவறான முடிவு பெரும்பாலும் இதனால் வருவதுதான்.

சுருளுக்கு 63 மீட்டர் கம்பி பிடிக்கும். இரண்டும் சேர்ந்து 9 ஓம் சுற்றி வரும். 12 வோல்ட் அடாப்டர், ஒரு எல்எம்317 சீராக்கி, 2.5 ஓம் 2 வாட் மின்தடை ஆகியவற்றைக் கொண்டு நிலையான 0.5 ஆம்பியர் எடுக்கலாம். எல்எம்317இல் 3 வாட்டுக்கு மேல் வெப்பமாகும், ஹீட்சிங்க் இல்லாமல் போட வேண்டாம். இந்த ஏற்பாட்டில் நடுவில் கிடைக்கும் புலம் சுமார் 0.45 மில்லிடெஸ்லா, அதாவது 4.5 காஸ். மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டு இன்னொரு முறை அளந்து, முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்து இரண்டால் வகுங்கள். புவியின் புலமும் சென்சாரின் சுழிய விலகலும் இரண்டு அளவிலும் ஒன்றாகவே இருப்பதால் கழிபட்டுப் போகும். சுருளின் பங்கு மட்டும் நிற்கும். மேசை மரமாக இருக்கட்டும். இரும்பு மேசையில் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது.

49ஈ: நல்ல சிலிக்கான், தளர்ந்த அளவு

மின்னோட்டம் ஓடும் தகட்டைக் காந்தப்புலத்தில் வைத்தால் பக்கவாட்டில் ஒரு சின்ன மின்னழுத்தம் தோன்றும். எட்வின் ஹால் 1879இல் இந்த விளைவைக் கண்டது மெல்லிய தங்கத் தகட்டில். உலோகத்தில் எலக்ட்ரான்கள் ஏராளம் என்பதால் கிடைக்கும் மின்னழுத்தம் மிகச் சொற்பம். ஹால் மின்னழுத்தம் மின்னூட்டத் துகள்களின் அடர்த்திக்கும் தகட்டின் தடிமனுக்கும் எதிர்விகிதத்தில் போகும். துகள்கள் குறைந்த, மெல்லிய குறைகடத்திப் படலம் வந்த பிறகுதான் இது கடையில் விற்கும் பொருளாயிற்று. 49ஈ சிப்பில் அந்தப் படலமும் பெருக்கியும் ஒரே சிலிக்கானில் இருக்கின்றன. மலிவுக்குக் காரணமும் அதுதான்.

இந்த வடிவத்தின் மூலமான ஹனிவெல் எஸ்எஸ்49ஈயின் டேட்டாஷீட்டை நிதானமாகப் படிக்க வேண்டும். 5 வோல்ட்டில் உணர்திறன் ஒரு காஸுக்கு 1.4 மில்லிவோல்ட் என்று எல்லாக் கடைப்பக்கமும் போடுகிறது. அது வகைமாதிரி எண். அனுமதித்த எல்லை 1.0 முதல் 1.75 வரை. புலமில்லா வெளியீடும் 2.25 முதல் 2.75 வோல்ட் வரை எங்கும் இருக்கலாம். ஒரிஜினலுக்கே இவ்வளவு இடம் என்றால், "49ஈ" என்று மட்டும் அச்சிட்ட நகல்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு பாக்கெட்டில் பத்து வாங்கி, ஒன்றை அளவீடு செய்து, அதே எண்ணை மற்ற ஒன்பதுக்கும் கோடில் போடுவது தப்பு.

வாங்கியதும் முதல் வேலை, அது உண்மையில் லீனியர்தானா என்று பார்ப்பது. அச்சிட்ட முகம் நம்மைப் பார்க்க, இடமிருந்து வலமாகச் சப்ளை, தரை, வெளியீடு. 5 வோல்ட் கொடுத்து, காந்தம் ஏதும் பக்கத்தில் இல்லாமல் மூன்றாம் காலை அளந்தால் 2.5 வோல்ட் அருகே நிற்க வேண்டும். தென்முனையை அச்சிட்ட முகத்துக்குக் கொண்டுபோனால் ஏறும், வடமுனைக்கு இறங்கும். 3144 என்றால் இப்படி வராது. அதன் வெளியீடு திறந்த கலெக்டர், அதாவது தரைக்கு இழுக்க மட்டுமே முடியும். வெளியீட்டுக்கும் சப்ளைக்கும் இடையே 10 கிலோ ஓம் போட்டால்தான் எதுவும் தெரியும், அதுவும் 5 அல்லது சுழியம் என்ற இரண்டு நிலை மட்டுமே. அலெக்ரோ தயாரிப்பை நிறுத்திய பிறகும் 3144 என்ற பெயரில் சரக்கு தாராளமாக ஓடுகிறது. சக்கரச் சுற்றை எண்ண அது போதும். ஆனால் அதன் இயங்கு புள்ளி, அதாவது நிலை மாறும் புலம், 70 முதல் 350 காஸ் வரை எங்கும் இருக்கலாம் என்று ஒரிஜினல் டேட்டாஷீட்டே சொல்கிறது. ஒரே காந்தத்துக்கு இரண்டு துண்டுகள் இரண்டு தூரத்தில் மாறும். துல்லியமான நிறுத்தப் புள்ளி வேண்டிய இடத்தில் அதை வைக்காதீர்கள்.

49ஈயை ஆர்டுயினோ ஊனோவில் நேராகச் செருகினால் என்ன தெரியும்? அதன் 10 பிட் அனலாக்-டிஜிட்டல் மாற்றியின் ஒரு படி 4.9 மில்லிவோல்ட். அதாவது 3.5 காஸ். புவியின் புலம் நம் பக்கத்தில் 0.4 காஸ்தான். ஆகவே 49ஈயை வைத்துத் திசைகாட்டி செய்யலாம் என்று சொல்லும் வீடியோக்களை ஒதுக்கிவிடலாம். காந்தம் இருக்கிறதா, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, 10 ஆம்பியர் ஓடும் கம்பியைச் சுற்றிய ஃபெரைட் வளையத்தின் வெட்டுக்குள் புலம் எவ்வளவு – இதற்கெல்லாம் நன்றாகவே உழைக்கும்.

படி போதவில்லை என்று ஏடிஎஸ்1115 என்ற 16 பிட் மாற்றியைச் சேர்ப்பவர்கள் ஒரு புதுத் தொல்லையைக் கூடவே வாங்குகிறார்கள். 49ஈயின் வெளியீடு சப்ளைக்கு விகிதமாகப் போகும். ஊனோவின் மாற்றியும் அதே 5 வோல்ட்டையே அளவுகோலாக வைப்பதால் சப்ளை ஆடினாலும் எண் ஆடாது. ஏடிஎஸ்1115க்கோ அளவுகோல் உள்ளேயே தனியாக இருக்கிறது. யூஎஸ்பி சப்ளை ஒரு சதவீதம் இறங்கினால் 2.5 வோல்ட் 25 மில்லிவோல்ட் நகரும். 18 காஸ் புலம் வந்ததுபோலத் தெரியும். தீர்வு எளிது. அதே 5 வோல்ட்டிலிருந்து இரண்டு 10 கிலோ ஓம் மின்தடைகளால் பாதி மின்னழுத்தம் எடுத்து, அதை மாற்றியின் இரண்டாம் உள்ளீட்டில் கொடுத்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அளக்கும் முறையில் ஓட்டுங்கள். சென்சாரின் சப்ளைக் கால் ஓரமாக 0.1 மைக்ரோஃபாரட் ஒன்று.

சிலிக்கானில் இன்னொரு குணம் உண்டு. அழுத்தம் பட்டால் அதன் ஹால் உணர்திறனும் சுழியமும் நகரும். காலை உடம்புக்கு ஒட்டி வளைப்பது, கெட்டியாக இறுகும் எபாக்சியில் புதைப்பது, ஸ்க்ரூ வைத்து நசுக்கிப் பிடிப்பது எல்லாமே அளவைக் கெடுக்கும். உடம்புக்கும் வளைவுக்கும் நடுவே மூக்குக் குறடால் பிடித்துக்கொண்டு வளையுங்கள். மூட வேண்டுமென்றால் மென்மையான சிலிக்கோன். எல்லா அளவீட்டையும் இடத்தில் பொருத்தி முடித்த பிறகே செய்யுங்கள். மேசையில் செய்த அளவீடு பொருத்தியதும் பொய்த்துப் போகும்.

கொஞ்சம் கூடுதல் செலவு செய்ய முடிந்தால் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஆர்வி5055 இதே வேலைக்கு எல்லா விதத்திலும் மேல். நான்கு வகையில் வருகிறது: 5 வோல்ட்டில் ஏ1 ±21 மில்லிடெஸ்லா, ஏ2 ±42, ஏ3 ±85, ஏ4 ±169. வாங்கும்போது கடைசி இரண்டு எழுத்தைப் பார்க்காமல் வாங்கினால் காந்தம் கொஞ்சம் நெருங்கியதுமே வெளியீடு முட்டி நின்றுவிடும். சூடேறினால் உணர்திறன் டிகிரிக்கு 0.12 சதவீதம் கூடும்படி வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். நியோடிமியம் காந்தம் ஏறக்குறைய அதே அளவு வலுவிழக்கும். ஒன்றை ஒன்று சரிக்கட்டும். இதைத் தெரியாமல் கறுப்பு ஃபெரைட் காந்தத்தை வைத்தால், ஃபெரைட் டிகிரிக்கு 0.2 சதவீதம் குறைவதால், 40 டிகிரி ஏற்றத்தில் 3 சதவீதத்துக்கு மேல் பிழை மிஞ்சும். காந்தமும் சென்சாரின் ஒரு பாகம்தான். அதன் வகையையும் சேர்த்தே எழுதிவைக்க வேண்டும்.

இண்டியம் ஆன்டிமோனைடு: கற்றுக்கொள்ள இதைவிட நல்லது இல்லை

பழைய சிடி டிரைவ் மோட்டாரைப் பிரித்தால் நான்கு கால் வைத்த குட்டி ஹால் துண்டுகள் கிடைக்கும். பலவும் இண்டியம் ஆன்டிமோனைடு. ஆசாஹி காசேயின் எச்டபிள்யூ வரிசை இந்த வகை. உள்ளே பெருக்கி கிடையாது, வெறும் பொருள் மட்டும்தான். அதனால்தான் கல்லூரி ஆய்வகத்துக்கு இதைப் பரிந்துரைக்கிறேன்.

தூய இண்டியம் ஆன்டிமோனைடு படிகத்தில் எலக்ட்ரான் இயக்கத்திறன் சிலிக்கானைப்போல் ஐம்பது மடங்குக்கும் மேல். ஒரு வோல்ட் கொடுத்து 50 மில்லிடெஸ்லாவில் வைத்தாலே நூறு மில்லிவோல்ட்டுக்கு மேல் நேராக மல்டிமீட்டரில் தெரியும். இதற்கு விலையாக வருவது வெப்பம். இதன் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரான் விடுபட்டு ஓடத் தாண்ட வேண்டிய ஆற்றல்) 0.17 எலக்ட்ரான்வோல்ட்தான், சிலிக்கானுக்கு 1.12. அறை வெப்பநிலையிலேயே எலக்ட்ரான்கள் தாண்டிவந்துகொண்டே இருக்கும். சூடு ஏற ஏறத் துகள்கள் பெருகும், ஹால் மின்னழுத்தம் விழும். நிலையான மின்னோட்டத்தில் ஓட்டினால் டிகிரிக்கு இரண்டு சதவீதம் வரை விழக்கூடும். நிலையான மின்னழுத்தத்தில் ஓட்டினால் துகள் பெருக்கத்தால் மின்னோட்டமும் கூடி, அந்த வீழ்ச்சியில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். ஆனால் சூட்டில் அதன் மின்தடை குறைவதால், அளவுக்கு மேல் வோல்ட் கொடுத்தால் தன்னைத்தானே சூடாக்கிக்கொண்டு எரிந்துபோகும். ஒரு வோல்ட்டைத் தாண்ட வேண்டாம்.

காலியம் ஆர்சனைடு துண்டுகள் (அதே நிறுவனத்தின் எச்ஜி வரிசை) நேர் எதிர்: உணர்திறன் குறைவு, நிலையான மின்னோட்டத்தில் டிகிரிக்கு சுமார் 0.06 சதவீதம்தான் நகரும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, முடி உலர்த்தியால் சூடாக்கி, ஒரே காந்தத்துக்கு எழுதி வைத்தால், ஆற்றல் இடைவெளி என்ற கருத்து வரைபடத்தாளில் கோடாகத் தெரியும்.

நான்கு கால் துண்டில் இன்னொன்றையும் செய்து பாருங்கள். மின்னோட்டத்தை ஒரு ஜோடிக் காலில் கொடுத்து மற்ற ஜோடியில் அளந்துவிட்டு, அதே அளவு மின்னோட்டத்தை மற்ற ஜோடியில் கொடுத்து முதல் ஜோடியில் அளங்கள். சுற்றும் வரிசை மாறாமல் 90 டிகிரி திருப்ப வேண்டும். ஹால் மின்னழுத்தத்தின் குறி அப்படியே இருக்கும், படலத்தின் சமச்சீரின்மையால் வரும் சுழிய விலகலின் குறி மாறும். சராசரி எடுத்தால் விலகல் மறைந்துவிடும். இன்றைய சிலிக்கான் சிப்கள் பலவும் உள்ளே நொடிக்குப் பல ஆயிரம் முறை செய்வது இதையேதான்.

ஏஎஸ்5600: வாங்குங்கள், காந்தத்தைச் சரிபார்த்து

12 பிட், ஒரு சுற்றுக்கு 4096 படி, தொடாமல் அளப்பது, ஐ2சி (இரு கம்பித் தொடர்பு) அல்லது அனலாக் வெளியீடு. இந்த விலையில் இதற்குப் போட்டி குறைவு. புகார்களில் பெரும்பகுதி சிப்பால் வருவதல்ல. கூட வரும் காந்தத்தாலும் பொருத்தும் விதத்தாலும் வருவது.

வேண்டியது விட்டத்தின் குறுக்கே காந்தமேற்றிய வட்டு: தட்டையான முகத்தில் பாதி வடக்கு, பாதி தெற்கு. 6 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. தடிமன் வழக்கம். சில பாக்கெட்டுகளில் முகத்துக்கு ஒரு முனை வைத்த சாதாரண வட்டு வந்துவிடும். கண்டுபிடிக்க ஒரு திசைகாட்டி போதும். வட்டின் விளிம்பை முள்ளுக்கு எதிரே வைத்து மெதுவாக உருட்டுங்கள். அரைச் சுற்றில் முள் புரண்டால் சரியான காந்தம். சாதாரண வட்டை உருட்டினால் முள் புரளாது. இந்தத் தப்பான காந்தத்தோடு கோணம் ஒழுங்காக 0 முதல் 4095 வரை போகாமல் ஓரிடத்தில் தேங்கி இன்னோரிடத்தில் பாயும்.

சப்ளை அடுத்த பொறி. சிப்பின் முதல் கால் 5 வோல்ட்டுக்கு, இரண்டாம் கால் 3.3 வோல்ட்டுக்கு. 3.3 வோல்ட் முறையில் இரண்டையும் சேர்த்துவிட வேண்டும். பல போர்டுகளில் அப்படிச் சேர்த்தே வருகிறது. மல்டிமீட்டரில் இந்த இரண்டு காலுக்கும் இடையே பீப் வந்தால் அந்தப் போர்டுக்கு 5 வோல்ட் கொடுக்கவே கூடாது. திசைக்கான டிஐஆர் காலை எங்கும் இணைக்காமல் விட்டிருக்கும் போர்டுகளும் உண்டு. அது மிதந்தால் கடிகாரத் திசை, எதிர்த் திசை என்று எண் தன்பாட்டுக்கு மாறும். தரையில் கட்டிவிடுங்கள்.

பொருத்துவதற்கு எண்களை நம்பலாம், கண்ணை அல்ல. ஐ2சியில் ஹெக்ஸ் முகவரி 36இல், பதிவகம் (ரெஜிஸ்டர்) 0பியைப் படியுங்கள். காந்தம் தெரிகிறது, மிக வலுவில்லை, மிக மெலிவில்லை என்றால் ஹெக்ஸ் 20 வர வேண்டும். பிறகு 1ஏ பதிவகத்தில் தானியங்கிப் பெருக்க எண். 5 வோல்ட் முறையில் அது 0 முதல் 255, 3.3 வோல்ட்டில் 0 முதல் 128. நடுவில் நிற்கும்வரை, அதாவது 128 அல்லது 64 அருகே வரும்வரை, இடைவெளியைக் கூட்டிக் குறையுங்கள். பெரும்பாலும் அரை மில்லிமீட்டரிலிருந்து 3 மில்லிமீட்டருக்குள் அமையும். காந்தத்தின் நடுவும் சிப்பின் நடுவும் கால் மில்லிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. விலகினால் படி எண்ணிக்கை அதேதான், ஆனால் ஒரு சுற்றுக்குள் பிழை அலையாக ஏறி இறங்கும். எவ்வளவு சராசரி எடுத்தாலும் போகாது. இரும்புத் தண்டின் முனையில் காந்தத்தை நேராக ஒட்டினால் புலத்தின் ஒரு பகுதியைத் தண்டு விழுங்கிவிடும். நடுவே பித்தளை, அலுமினியம் அல்லது பிளாஸ்டிக் துண்டு வைத்து விலக்குங்கள்.

முகவரி மாறாதது என்பதால் ஒரே கம்பியில் இரண்டு போட முடியாது. டிசிஏ9548ஏ மல்டிபிளெக்சர் வையுங்கள், அல்லது முகவரி மாற்றத்தக்க ஏஎஸ்5600எல் வாங்குங்கள். எஃப்எஃப் பதிவகத்தில் எதையும் சோதனைக்காக எழுதிவிடாதீர்கள். சுழியக் கோணத்தை நிரந்தரமாகப் பதிக்க மூன்றே வாய்ப்பு, அமைப்புகளைப் பதிக்க ஒரே வாய்ப்பு. சுழியத்தை மைக்ரோகன்ட்ரோலரிலேயே கழித்துக்கொண்டால் இந்தக் கவலையே இல்லை. வேகமான மோட்டார்க் கட்டுப்பாட்டுக்கு வாங்குகிறவர்கள் ஃபில்டர் அமைப்பைப் பார்க்க வேண்டும்: தொடக்க நிலையில் 2.2 மில்லிநொடி தாமதம். வேகமான நிலையில் 0.286 மில்லிநொடி, ஆனால் இரைச்சல் 0.015 டிகிரியிலிருந்து 0.043க்குப் போகும்.

ஜிஒய்-271: பெயர் ஒன்று, சிப் மூன்று

போர்டின் முதுகில் எச்எம்சி5883எல் என்று அச்சிட்டிருக்கும். ஹனிவெல்லின் அந்தச் சிப் உற்பத்தியிலிருந்து போய்விட்டது. இன்று அந்தப் போர்டில் வருவது பெரும்பாலும் க்யூஎஸ்டி நிறுவனத்தின் க்யூஎம்சி5883எல். புதிய சரக்கில் க்யூஎம்சி5883பி. மோசமான சிப் என்று சொல்ல முடியாது. க்யூஎஸ்டி ஹனிவெல்லிடம் உரிமம் வாங்கிச் செய்வதுதான். பெயரை மாற்றாமல் விற்பதுதான் குறை, அதைக் கடுமையாகவே சொல்ல வேண்டும். மூன்றுக்கும் பதிவக அமைப்பே வேறு.

ஐ2சி ஸ்கேன் ஓட்டினால் தெரிந்துவிடும். ஹெக்ஸ் 1ஈ வந்தால் ஹனிவெல், 0டி வந்தால் க்யூஎம்சி5883எல், 2சி வந்தால் பி வகை. பூதக்கண்ணாடியில் சிப்பின் மேல் "எல்883" இருந்தால் முதலாவது, "டிஏ 5883" இருந்தால் இரண்டாவது. ஹனிவெல் சிப் தரவை எக்ஸ், இசட், ஒய் என்ற வரிசையில், பெரிய பைட்டை முதலில் தரும். க்யூஎம்சி5883எல் எக்ஸ், ஒய், இசட், சிறிய பைட் முதலில். முகவரியை மட்டும் மாற்றிப் பழைய லைப்ரரியை ஓட்டினால் எண்கள் வரத்தான் செய்யும், அர்த்தம் இருக்காது. க்யூஎம்சி5883எல்லுக்குத் தொடக்கத்தில் இரண்டே பதிவகங்களில் எழுதினால் போதும்: 0பி பதிவகத்தில் 01, பிறகு 09 பதிவகத்தில் 0டி. ±2 காஸ், 200 ஹெர்ட்ஸ், தொடர்ச்சியான அளவீடு. 1டி எழுதினால் ±8 காஸ். ±2 காஸ் நிலையில் ஒரு காஸுக்கு 12000 எண்.

அந்த 0பி பதிவகத்தில் எழுதும் வரியைத் தேவையில்லை என்று விட்டுவிடும் லைப்ரரிகள் உண்டு. அது ஏன் வேண்டும் என்பதற்குப் பெர்மல்லாயைப் பார்க்க வேண்டும். காந்தமாக்கல் திசைக்கும் மின்னோட்டத் திசைக்கும் இடையிலான கோணத்தைப் பொறுத்து இந்தப் படலத்தின் மின்தடை இரண்டு மூன்று சதவீதம் மாறும். கெல்வின் 1857இல் கண்ட விளைவு இது. அந்தச் சின்ன மாற்றம் நேர்கோட்டில் வருவதற்காகப் படலத்தின் மேல் 45 டிகிரியில் உலோகப் பட்டைகளைப் போட்டு மின்னோட்டத்தைச் சாய்க்கிறார்கள். எல்லாமே படலம் முழுதும் ஒரே திசையில் காந்தமாக்கப்பட்டிருப்பதை நம்பித்தான். ஒரு நியோடிமியம் துண்டு பக்கத்தில் வந்து போனால் படலம் துண்டு துண்டாகப் பல திசைக்குப் புரளும். உணர்திறன் குறையும், சுழியம் நகரும், சில வேளை குறியே மாறும். அதைச் சரிசெய்யச் சிப்புக்குள் ஒரு கம்பிப் பட்டை இருக்கிறது. அதில் பாயும் குறுகிய மின்துடிப்பு படலத்தை மறுபடி ஒரே திசைக்குத் தள்ளும். 0பி பதிவகத்தில் 01 எழுதுவது இந்தத் துடிப்புக்கான நேரத்தை அமைப்பதற்கு. சிலிக்கான் ஹால் சென்சாருக்கு இந்த நோயே கிடையாது. எவ்வளவு பெரிய காந்தத்தைக் காட்டி எடுத்தாலும் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஆகவே ஜிஒய்-271ஐ மட்டும் காந்தங்களோடு ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள்.

அளவீட்டில் தமிழ்நாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. புவியின் புலம் கிடையாகவே ஓடும் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடிக்குப் பக்கத்திலேயே போகிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இருப்பதும் அதனால்தான். இங்கே புவியின் புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா, அதுவும் ஏறக்குறையக் கிடையாகவே ஓடும். கிடைமட்டத்திலிருந்து புலத்தின் சாய்வு சில டிகிரிதான். லண்டனில் சாய்வு 66 டிகிரி, கிடைக்கூறு 20 மைக்ரோடெஸ்லாதான். ஆக, போர்டு 5 டிகிரி சாய்ந்தால் அங்கே 11 டிகிரி வரை திசை தவறும், இங்கே ஒரு டிகிரிக்கும் குறைவு. சாய்வுத் திருத்தம் இல்லாமலேயே நம் ஊரில் திசைகாட்டி ஓரளவு ஒழுங்காக ஓடும்.

ஆனால் இதே காரணத்தால் அளவீட்டில் இடறுவோம். போர்டை மேசையில் சுற்றினால், தலைகீழாகப் போட்டால் போதும் என்று சொல்லும் வெளிநாட்டு வழிமுறைகள் செங்குத்துப் புலம் வலுவாக இருக்கும் இடத்துக்கானவை. இங்கே செங்குத்தில் ஒன்றும் பெரிதாக இல்லை. போர்டின் முகத்துக்குச் செங்குத்தான இசட் அச்சுக்குப் புலம் காட்ட வேண்டுமென்றால் போர்டை விளிம்பில் நிறுத்தி, முகம் வடக்கைப் பார்க்க ஒருமுறை, தெற்கைப் பார்க்க ஒருமுறை எடுக்க வேண்டும். எக்ஸ், ஒய்க்கும் அதேபோல. ஒவ்வொரு அச்சிலும் பெருமமும் சிறுமமும் கிடைத்ததும், இரண்டின் கூட்டலில் பாதி அந்த அச்சின் விலகல். வேறுபாட்டில் பாதி அதன் ஆரம். ±2 காஸ் நிலையில் வேறுபாடு ஒவ்வொரு அச்சிலும் 9600 சுற்றி வர வேண்டும். ஓர் அச்சு மட்டும் 6000 காட்டினால், ஒன்று நீங்கள் வடக்கை நேராகப் பிடிக்கவில்லை, அல்லது பக்கத்தில் இரும்பு இருக்கிறது. மூன்று ஆரத்தின் சராசரியை ஒவ்வொன்றின் ஆரத்தால் வகுத்து அந்த அச்சைப் பெருக்கினால் அளவு சமமாகும்.

காந்த விலக்கத்துக்காக (உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் உள்ள கோணம்) கோடில் இருக்கும் எண்ணையும் பாருங்கள். இணையத்திலிருந்து எடுத்த கோடில் யாரோ ஒருவரின் ஊருக்கான எண் இருக்கும். தமிழ்நாட்டில் அது ஓரிரு டிகிரி மேற்கு மட்டுமே.

பொருத்தும்போது கம்பி பெரிய எதிரி. ஒரு ஆம்பியர் ஓடும் ஒற்றைக் கம்பி ஒரு சென்டிமீட்டரில் 20 மைக்ரோடெஸ்லா கொடுக்கும். நம் புவிப்புலத்தில் பாதி. டிரோனில் 10 ஆம்பியர் கம்பி 10 செ.மீ. தள்ளிப் போனாலும் அதே கதைதான். போகும் கம்பியையும் வரும் கம்பியையும் முறுக்கி ஓட்டுங்கள், போர்டைத் தண்டு வைத்து உயர்த்துங்கள். ஸ்க்ரூ பித்தளை அல்லது நைலான். போர்டோடு வரும் ஹெடர் பின்களைக் காந்தத்தில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் தூக்கிப் போட்டுவிட்டுக் கம்பியை நேராக சால்டர் செய்யுங்கள். இந்தச் சோதனையைச் சிப்போடு சேர்ந்த போர்டில் அல்ல, தனிப் பின்னில் செய்ய வேண்டும்.

இதற்கு மேல்

இன்னும் நுண்ணிய புலம் வேண்டுமென்றால் ஆய்வுலகம் போன பாதையிலேயே போக வேண்டும். 1988இல் ஃபெர்ட், க்ரூன்பெர்க் குழுக்கள் தனித்தனியே கண்ட பெருங்காந்தத்தடை விளைவு (மெல்லிய உலோக அடுக்குகளின் மின்தடை காந்தப்புலத்தில் பெரிதாக மாறுவது) 2007இல் நோபல் பரிசு பெற்றது. 2004இல் மக்னீசியம் ஆக்சைடு தடுப்புப் படலம் வைத்த அடுக்குகளில் அறை வெப்பநிலையிலேயே ஏறக்குறைய 200 சதவீத மாற்றம் காட்டினார்கள். பெர்மல்லாயின் இரண்டு மூன்று சதவீதத்தோடு ஒப்பிட்டால் பாய்ச்சலின் அளவு தெரியும். இப்படித் தடுப்புப் படலம் வைத்த சுரங்கத்தடை வகையைச் சேர்ந்த சிப்கள் இப்போது கடைக்கு வந்துவிட்டன, ஆனால் சில்லறையில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எளிதில் கிடைப்பதில் என்விஈ நிறுவனத்தின் ஏஏ002 பெருங்காந்தத்தடை வகை. சப்ளையின் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் ஒரு எர்ஸ்டெட்டில் (காற்றில் ஒரு காஸுக்குச் சமம்) 3 மில்லிவோல்ட்டுக்கு மேல் தரும், அதாவது 5 வோல்ட்டில் 49ஈயைப்போல் பத்து மடங்குக்கு மேல். வாங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: வடக்கோ தெற்கோ எது வந்தாலும் வெளியீடு ஒரே பக்கமாகத்தான் ஏறும். சுழியத்துக்கு அருகே வளைவும் இருக்கிறது, நேர்கோடு 1.5 முதல் 10.5 எர்ஸ்டெட் வரை, 15இல் நிரம்பிவிடும். இருபக்கப் புலம் அளக்க, மேலே சொன்ன சுருளில் மின்னோட்டத்தைக் கூட்டியோ ஒரு சின்ன நிலைக் காந்தத்தாலோ 6 எர்ஸ்டெட் முன்புலம் கொடுத்து, அதைச் சுற்றி 4 எர்ஸ்டெட் ஏற்ற இறக்கத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முன்புலத்துக்கு நியோடிமியத்தைவிட, கொஞ்சம் தள்ளி வைத்த சமேரியம் கோபால்ட் துண்டு நல்லது. சூட்டில் அது டிகிரிக்குச் சுமார் 0.04 சதவீதம்தான் நகரும்.